கடைவாய்

பிப்ரவரி. கிளைப்பெடாவில் கழிமுகம் உறைந்து கிடந்தது.
இரவு பதினொன்றரைக்கு ரமூனாஸ் வந்தான்.
கையில் ஒரு சார்ஜர், வேறொன்றும் இல்லை.
அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.
கழுத்தைத் தொட்டுக் காட்டினான்,
திருட்டுப்போன வீட்டைப் போலீசுக்குக் காட்டுகிறவன் மாதிரி.

முப்பத்துநான்கு வயது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
நாற்பது மீட்டர் உயரத்தில் தனியாக உட்கார்ந்து
கொள்கலன்களைத் தீப்பெட்டியாக அடுக்குகிறவன்.
என் சமையலறை விளக்கு அவன் தலையில் இடிக்கும்.
முக்காலியில் உட்கார வைத்தேன்.
வாயைத் திற என்றேன்.

அந்தச் சொற்களைச் சொல்லி எத்தனை வருஷம்!
அவனும் மறுபேச்சில்லாமல் திறந்தான்.
மறுபேச்சுக்குத்தான் வழி இல்லையே.

கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி
கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டேன்.
இரண்டு பக்கமும் வீங்கி, சிவந்து,
மேலே வெள்ளை வெள்ளையாகச் சீழ்ப் பொட்டுகள்.
நடுவில் உள்நாக்கு
நெரிசல் பேருந்தில் அகப்பட்ட கிழவரைப் போல
தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றது.

மீன்முள் என்றால்
ரொட்டியை உருட்டிக் கொடுத்து இறக்கிவிடுவேன்.
இது முள் இல்லை.

வெளிச்சத்தை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்.
கீழே, வலது கடைவாயில்
ஒரு பல் இல்லை.
ஈறு மூடி, வழவழப்பாகி,
பழசாகியே போயிருந்த இடம்.

அது முளைத்த வாரம் எனக்குத் தெரியும்.
ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று
தலையணை உறையைக் கடித்துக் கிழித்தான்.
போன வாரம் எதுவென்று தெரியாது.
எப்போது, என்றேன்.
வாயில் கரண்டி இருக்கிறது. ஆ, என்றான்.

காலையில் மருத்துவமனை.
டாக்டர் சின்னப் பெண். பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்தெடுத்தாள்.
பேச முடியாதவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.
மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?
சின்ன வயதில் இல்லை, என்றேன். இப்போது தெரியாது.
புகை பிடிப்பாரா?
அவன் பக்கம் திரும்பினேன். தலையை ஆட்டினான்.
ஒரு நாளைக்கு எத்தனை?
விரல்களைக் காட்டினான், இரண்டு தடவை.

பென்சிலின், பத்து நாள்.

எச்சில் விழுங்குவது ஒரு வேலை என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
பால் குவளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
அதிலேயே துப்பிக்கொண்டிருந்தான்.
இரவு இரண்டு மணிக்கு அலாரம்.
மாத்திரையைப் பொடித்துக் குருதிநெல்லிக் கூழில் கலப்பேன்.
ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி
மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வான்.
என் தொண்டையும் கூடவே ஏறி இறங்கும்.
அதனால் அவனுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை.
நிறுத்தத்தான் முடியவில்லை.

நாலாம் நாள் கீழ்வீட்டு ஸ்டான்யா
ஸ்டிண்டா மீன் வறுத்தாள்.
படிக்கட்டு முழுக்க வெள்ளரிக்காய் வாசனை.
மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினான்:
கொடுமை.

ஆறாம் நாள் குரல் வந்தது, துருப்பிடித்த கதவுபோல.
முதலில் கேட்டது என் கிரேனில் யார் இருக்கிறான் என்று.
எனக்கெப்படித் தெரியும், என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடி,
ரோட்டர்டாம், என்றான்.
என்ன ரோட்டர்டாம்?
அந்தப் பல். அங்கே வேலை பார்த்த முதல் குளிர்காலம்.
முகம் இவ்வளவு பெரிசாக வீங்கிவிட்டது.
யார் கூட இருந்தார்கள்?
மொழி தெரியாத ஒரு டாக்சிக்காரன், என்று சிரித்தான்.
சிரித்ததில் வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான்.

அந்தக் குளிர்காலம் ஞாயிறுதோறும் பேசினோம்.
சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.
நன்றாக இருக்கிறது என்றான்.

எட்டாம் நாள் நான் ஸ்டிண்டா வறுத்தேன்.
தலையோடு, வாலோடு, பதினேழு மீன் தின்றான்.
மிச்சம் இரண்டு நாள் மாத்திரையை
கோட்டுப் பையில் திணித்து, மறக்காதே என்று
மூன்று தடவை சொன்னேன். ம், ம், ம், என்றான்.

பதினேழையும்
இடது பக்கமாகவேதான் மென்றான்.